வரிசையில் விடுபட்ட சொற்கள்

1. வெள்ளிக்கிழமை மாலை மஸ்கட்டிலிருந்து கணவர் அழைத்தார். லீவு கிடைத்ததா என்று கேட்டேன்.
2. "லீவு..." என்றார். கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு "வாரேன்" என்றார். அழைப்பு முடிந்தது.
3. கூடத்தில் சீரியல் பார்த்துக்கொண்டிருந்த அத்தையிடம், உங்கள் மகன் வருகிறார் என்று சொன்னேன்.
4. சனிக்கிழமை அத்தை அயிரை மீனுக்குச் சொல்லிவைத்தார். நான் பீரோவிலிருந்து அவருடைய சட்டைகளை எடுத்துத் துவைத்தேன். அழுக்கு ஒன்றுமில்லை, இரண்டு வருடமாக மடிப்புக் கலையாமல் இருந்தவை.

ஞாயிற்றுக்கிழமை அவர் மறுபடி அழைத்தார். எந்தத் தேதி என்று கேட்டேன்.

"எதுக்குத் தேதி?"

"வாரேன்னீங்களே."

"லீவு இல்லைன்னுட்டாங்க, டூட்டிக்குப் போயிட்டு வாரேன்னு சொன்னேன்மா."

தவறு என்னுடையது. இணையத்தில் பேச்சு சிறுசிறு பாக்கெட்டுகளாக வருகிறது. எது முன்னே போகவேண்டும், எது எவ்வளவு நேரம் காத்திருக்கலாம் என்று வரிசைப்படுத்தும் நிரல் எழுதுவது என் வேலை. அதன் ஒரு வடிவத்தைச் செல்லூரில் எங்கள் வீட்டு ரூட்டரிலும் ஓடவிட்டிருந்தேன். கெடு தாண்டிய பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடும். பேச்சுக்கு முன்னுரிமை தந்திருக்க வேண்டும். அத்தை இணையத்தில் பார்க்கும் சீரியலுக்கும் அதே கெடுவைக் கொடுத்துவிட்டேன். சீரியல் மொத்தமாக வந்து இறங்கிய நேரத்தில் அவருடைய சொற்கள் பின்னால் நின்று கெடு தாண்டிவிட்டன.

இதை அத்தையிடம் விளக்கினேன்.

"அப்ப என் சீரியல்தான் எம்மகனை மறிச்சுச்சுங்கிற?"

"இல்லத்தே, நான் போட்ட கணக்குத்தான் தப்பு."

"நல்லா படிச்ச போ. இப்ப அம்புட்டு மீனையும் யாரு திங்கிறது?"

அன்றே நிரலைத் திருத்தினேன். இப்போது சீரியல் ஓடினாலும் பேச்சின் எந்தப் பாக்கெட்டும் இருபது மில்லி விநாடிக்கு மேல் எங்கள் வீட்டில் காத்திருக்காது. சராசரி எனக்கு வேண்டாம், அதிகபட்சம்தான் வேண்டும். அவரிடமும் அப்படியே கேட்டேன்.

"எப்ப வருவீங்கன்னு கேக்கல. ரொம்பத் தள்ளிப்போனா எப்பன்னு மட்டும் சொல்லுங்க."

சிரித்தார். "ஆபீஸ் கேள்வியை எங்கிட்டக் கேக்காத."

நான் சிரிக்கவில்லை. அவரும் நிறுத்திவிட்டார். அவர் மூச்சு விடுவது தெளிவாகக் கேட்டது.

"தெரியலம்மா," என்றார்.

துவைத்த சட்டைகளை இன்னும் உள்ளே வைக்கவில்லை. அவருடைய இடத்துக்கு வேறு ஆள் வந்தால்தான் லீவு என்கிறார்கள். ஆள் இன்னும் வரவில்லை.