வராத வெளிச்சம்

ஜலஜாவுக்குப் பாட்டு அலுத்துப்போய்விட்டது என்று சொன்னால் மயிலாப்பூரில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். முப்பத்தோரு வருடம் சித்திரைக்குளத்துக்குப் பக்கத்து மாடி வீட்டில் பாட்டு சொல்லிக்கொடுத்தவள். பிள்ளைகள் தாளத்தை விட்ட இடத்திலெல்லாம் அடி வாங்கியது அவளுடைய தொடைதான். போன ஆடியில் ஒருநாள், இனிமேல் வகுப்பு கிடையாது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டாள். அழுகை வரவில்லை, தூக்கம்தான் வந்தது.

பிறகு அடையாற்றில் ஓர் அலுவலகம் கணினி வேலை கொடுத்தது, வீட்டிலிருந்தே பார்க்கலாம். வடதுருவத்துப் பக்கம் வானத்தைப் பார்த்தபடி வைத்திருக்கும் கேமராக்களின் படங்கள் வரும். அந்த வானத்தில் பச்சை வெளிச்சம் திட்டுத் திட்டாக எரிந்து அணையும். எரியும் ஒவ்வொரு தடவையும் மேலேயிருந்து எலக்ட்ரான்கள் காற்றுமண்டலத்துக்குள் மழையாகக் கொட்டுகின்றனவாம். வேகமானவை எழுபது கிலோமீட்டர் உயரம் வரைக்கும் இறங்கி, அங்கே இருக்கிற கொஞ்சநஞ்ச ஓசோனையும் கெடுக்கின்றனவாம். எப்போது எரிந்தது, எப்போது அணைந்தது என்று ஜலஜா விசையைத் தட்டிக் குறிக்க வேண்டும். எவ்வளவு கொட்டியது என்பதை விஞ்ஞானிகள் அதை வைத்துத்தான் கணிப்பார்கள்.

சும்மா பார்த்துக்கொண்டிருப்பதற்கு ஒரு வேலை! சத்தமில்லை, சுருதியில்லை, முக்கியமாகப் பிள்ளைகளின் அம்மாக்கள் இல்லை. நாலு மாதம் நிம்மதியாக இருந்தாள்.

திங்கட்கிழமை, மேற்பார்வை பார்க்கும் ஆனந்தகுமார் அலுவலகத்துக்கு வரச் சொன்னான். அவள் குறித்த கடைசித் தொகுப்பை இன்னொருவரையும் குறிக்கச் சொல்லி ஒப்பிட்டிருக்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. அந்த வெளிச்சத்துக்கு ஒழுங்கு கிடையாது. எட்டு விநாடியில் வரும், அடுத்தது பன்னிரண்டில் வரும், சில சமயம் வராமலே போகும். ஜலஜா குறித்ததோ அளவெடுத்தாற்போல் சீராக இருந்தது.

கண் வலிக்கிறதா என்று அவன் அக்கறையாகத்தான் கேட்டான். ஜலஜா தன் மடியைப் பார்த்தாள். வலது கை அங்கே மெல்லத் தட்டிக்கொண்டிருந்தது.

“இந்த ஒரு செட்டு மட்டும் திருப்பிப் பண்ணிக் குடுத்துடுங்க மேடம், போதும். மத்தது எல்லாம் பாஸ் ஆயிடுச்சு, வெள்ளிக்கிழமை அனுப்பிடுவோம்” என்றான்.

தலையாட்டிவிட்டு எழுந்து போயிருக்கலாம். வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றுதான் இருந்தது. மற்றதை யாரும் திறந்து பார்க்கப் போவதில்லை. ஆனால் விட்ட அடியை எடுத்துக்கொடுக்கிற கை இந்த ஒரு தொகுப்பில் மட்டுமா சும்மா இருக்கவில்லை?

“எல்லாத்தையும் நிறுத்தி வைங்கோ” என்றாள். “வெளிச்சம் வராத எடத்துலயும் நான் தாளம் போட்டுண்டே இருந்திருக்கேன். நாலு மாசமும். பெய்யாத மழையைப் பெஞ்சதா எழுதியிருக்கேன்.”

ஆனந்தகுமாருக்குப் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவள்மேல் அவனுக்குக் கோபம் வரவில்லை. எல்லாவற்றையும் அவளே திரும்பச் செய்துகொடுக்கட்டும், வேலை போகாமல் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னான். மறுபடி இப்படி ஆகாதில்லையா என்று மட்டும் கேட்டான்.

ஆகாது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அந்த நிம்மதி அவளுக்கு வேண்டியிருந்தது, ரொம்பவே வேண்டியிருந்தது.

“ஆகும்” என்றாள் ஜலஜா. “இந்தக் கை நான் சொன்னா கேக்காது. வேற யாரையாவது வெச்சுண்டு பண்ணுங்கோ.”