போர்வெல் வண்டியும் ஐரோப்பாக் கோட்டையும்

நான் ஐந்தாவது வரைதான் படித்தவன். இதை யாரிடமும் மறைத்ததில்லை. ஐந்தாவது படித்தவனே நான்கு போர்வெல் வண்டி ஓட்டினான் என்றால், பத்தாவது படித்திருந்தால் என்ன ஆகியிருப்பான் என்று கேட்கிறவர்கள்தான் யோசிக்க வேண்டும். பதினாலு வயதில் திருச்செங்கோட்டில் வண்டி ஏறினேன், குழாய் தூக்குகிற ஆளாக. முப்பது வயதில் அதே மாதிரி வண்டிக்கு முதலாளி. ராஜஸ்தான் மணலில் துளை போட்டிருக்கிறேன், கோலார் பாறையில் போட்டிருக்கிறேன். பூமிக்குள் என்ன இருக்கிறது என்று குனிந்து பார்க்காமலே சத்தத்தை வைத்துச் சொல்வேன்.

அப்படிப்பட்டவன் ஒரு நாற்காலிக்காக மனம் வெந்து கிடந்தேன் என்று எழுதக் கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நடந்தது அதுதான்.

இப்போது நானும் வீட்டுக்காரியும் அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோவில் மகன் வீட்டில் இருக்கிறோம். காலையில் மகன் ரயிலிலும் மருமகள் காரிலும் கிளம்பிப் போனால் வீடு ஓய்ந்துவிடும். புதன்கிழமை பதினோரு மணிக்கு அபார்ட்மெண்ட் கிளப் ஹவுஸில் எங்களைப் போலப் பிள்ளைகளிடம் வந்திருக்கிற பெரியவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடுவோம். அங்கே எல்லாம் மடக்கு நாற்காலி. ஒன்றே ஒன்று மட்டும் ஜன்னலோரம் தோல் வைத்த பெரிய நாற்காலி. முதல் நாள் அதில் உட்கார்ந்து, சித்ரதுர்க்காவில் எண்ணூறு அடியில் தண்ணீர் பீய்ச்சி வண்டிக்காரன் வேட்டி பறந்த கதையைச் சொன்னேன். அதற்குப் பிறகு இரண்டு வருஷம் அதில் வேறு யாரும் உட்காரவில்லை. எல்லா மடக்கு நாற்காலியும் என்னைப் பார்த்துத்தான் விரியும்.

அப்புறம் அந்தப் பேராசிரியர் வந்தார். ஏதோ ஒரு கல்லூரியில் சரித்திரம் நடத்தி ஓய்வு பெற்றவர், மகளிடம் வந்திருக்கிறார். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். வந்த மூன்றாவது மாதமே இங்கே லைசென்ஸ் வாங்கி, தானே கார் ஓட்டிக்கொண்டு காய்கறி வாங்கப் போனார். நான்கு லாரி வைத்திருந்த நான் மகன் வரும்வரை பால் டப்பாவுக்குக் காத்திருக்கிறேன்! ஆபீஸ் பெண்ணிடம் அவர் சிரித்துச் சிரித்து இங்கிலீஷ் பேசுவார். என்னை எல்லாரும் "அண்ணா" என்பார்கள். அவரை, வந்த முதல் நாளே, "சார்".

ஒரு புதன்கிழமை சென்னை அம்மா ஒருத்தர் தன் பேரன் பள்ளிக்கூடத்துக்குச் செய்த அட்டைக் கோட்டையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"சார், இவன் ஃபியூடல் சிஸ்டம் ஃபியூடல் சிஸ்டம்னு ஒரே புலம்பல். அப்படின்னா என்ன? எங்களுக்கும் புரியற மாதிரி எக்ஸ்ப்ளெயின் பண்ணுங்களேன்" என்றவர், என் பக்கம் திரும்பி, "அண்ணா, நீங்க கொஞ்சம் இந்தப் பக்கம் வர்றீங்களா? சார் அங்க உக்காந்தாதான் எல்லாருக்கும் கேக்கும்" என்றார்.

எழுந்தேன். தாசில்தார் ஜீப் வந்து நின்றபோதும் கயிற்றுக் கட்டிலை விட்டு எழாதவன் நான்.

அவர் நன்றாகப் பேசினார். இதைச் சொல்லாவிட்டால் நான் பொய்யன். அந்தக் காலத்து ஐரோப்பாவில் ராஜாவுக்கு நாடு பெரிது, காவலுக்கு ஆள் கிடையாது; அதனால் நிலத்தைத் துண்டு போட்டுப் பிரபுக்களுக்குக் கொடுப்பார்; பிரபு அதில் கொஞ்சத்தைக் குதிரை வீரனுக்குக் கொடுப்பான்; வாங்கியவன் சண்டை வந்தால் வந்து நிற்க வேண்டும். எல்லாருக்கும் அடியில் உழுகிறவன். அவனுக்குத் தலைக்கு மேல் பாதுகாப்பு உண்டு, ஆனால் அந்த மண்ணை விட்டு நகர முடியாது. மாவு அரைப்பதும் பிரபுவின் ஆலையில்தான். கலியாணம் கட்டவும் பிரபுவைக் கேட்க வேண்டும்.

"பத்திரம் கித்திரம்லாம் கிடையாது. எல்லாம் கையாலதான்" என்று சொல்லி, ரிட்டயர்டு பேங்க் மேனேஜரைக் கூப்பிட்டார். "சார், மண்டி போடுங்க."

"முட்டியில ஆபரேஷன் ஆயிருக்கு சார். நின்னுக்கிட்டே அடிமையாகறேன்."

ஒரே சிரிப்பு. பேராசிரியர் அவரைக் கும்பிடச் சொன்னார். கும்பிட்ட இரண்டு கைகளையும் தன் இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொண்டார்.

"அவ்வளவுதான். இனிமே சாகிற வரைக்கும் நீங்க என் ஆள்."

எல்லாரும் கை தட்டினார்கள். என் வீட்டுக்காரியும் தட்டினாள். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். சித்ரதுர்க்கா கதைக்கு அவள் ஒரு நாளும் தட்டியதில்லை.

"இதுல என்னங்க இருக்குது? இதெல்லாம் எங்க வண்டியில தெனமும் நடந்ததுதானுங்க" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். முகம் மலர்ந்து, "அப்படிங்களா? அப்ப அடுத்த வாரம் நீங்கதான் பேசணும். நான் கேக்கறேன்" என்றார்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒத்திகை. பால்கனியில் நின்று பேசிப் பார்த்தேன். வீட்டுக்காரி பீன்ஸ் நறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஏனுங்க, டிரைவரு லைசென்சையெல்லாம் வாங்கிப் பொட்டியில போட்டுப் பூட்டி வெப்பீங்களே, அதையுஞ் சொல்லுவீங்களா?"

"அது தொழில் ரகசியம்."

"அந்த டிரைவரோட அப்பன் செத்தது?"

நான் உள்ளே போய்விட்டேன்.

புதன்கிழமை போனபோது பெரிய நாற்காலியில் பேராசிரியர்தான் உட்கார்ந்திருந்தார். நான் நின்றுகொண்டே ஆரம்பித்தேன். ராஜா என்றால் முதலாளி, அதாவது நான். கோலார் ஒருத்தனுக்கு, சித்தூர் ஒருத்தனுக்கு என்று ஊர் ஊராக, வேலை பிடித்துத் தருகிற ஏஜெண்டுக்குப் பிரித்துக் கொடுப்பேன். அவன் எல்லைக்குள் அவன் வைத்ததுதான் சட்டம். ஆனால் அடுத்தவன் வண்டியை உள்ளே விட்டால் ஊர் பறிபோகும். வண்டியில் துளை போடுகிற டிரில்லர்தான் குதிரை வீரன். அவனுக்குக் கீழே குழாய் தூக்குகிற பையன்கள். வண்டிச் சமையலைத்தான் சாப்பிட வேண்டும், வெளியே கை நனைக்கக் கூடாது. ஆயுத பூஜையன்று அத்தனை பேரும் கும்பிட்டு என் காலில் விழுவார்கள், வேட்டி சட்டை கொடுப்பேன். இரண்டு பேருக்குப் பெண் பார்த்துக் கட்டி வைத்ததே நான்தான்.

முகமெல்லாம் என் பக்கம் இருந்தது. ஒரு வாரத்துக்குப் பிறகு மூச்சு சரியாக வந்தது.

அப்போது பேராசிரியர் மாணவனைப் போலக் கையைத் தூக்கினார். "ஒரு சந்தேகம். உங்க ஆள் ஒருத்தன் வேற முதலாளிகிட்ட போகணும்னா?"

"போக முடியாதுங்க."

"ஏன்?"

வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அறையில் ஒருத்தர்கூட அசையவில்லை. அந்த அமைதியை அவரிடம் திருப்பிக் கொடுக்க எனக்கு மனமில்லை. அதனால்தான் சொன்னேன். மனம் திருந்திச் சொன்னேன் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

"லைசென்ஸ் என்கிட்ட இருக்கும். அது இல்லாம எவனும் வேலை தரமாட்டானுங்க. ஒருக்கா ஆந்திராவுல எழுநூறு அடியில குழாய் மாட்டிக்கிச்சு. அன்னைக்குப் பார்த்து டிரைவரோட அப்பன் செத்துப்போனதா ஊர்ல இருந்து சேதி. போறேங்கன்னு வந்து நின்னான். போறதுன்னா போ, லைசென்ஸை மறந்துட்டுப் போன்னேன். போகலை. தம்பிக்காரன்தான் கொள்ளி வெச்சான்."

சென்னை அம்மா வாயில் கை வைத்தார்.

பேராசிரியர் மெதுவாக எழுந்தார். "நாப்பது வருஷம் இதைப் பாடமா நடத்தியிருக்கேன். ஒரு பிரபுவை நேர்ல பார்க்கறது இதான் முதல் தடவை."

அது பாராட்டா, குத்தலா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அப்போது அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன். பேச்சு முடிந்தால் வணக்கம் சொல்லத்தானே வேண்டும்? இரண்டு கைகளையும் குவித்தேன். அவர் நேராக வந்து என் குவித்த கைகளைத் தன் இரண்டு கைகளுக்குள் பொத்திக்கொண்டார். வேண்டுமென்று செய்யவில்லை, அன்பாகத்தான் செய்தார்.

பேங்க் மேனேஜர் துள்ளினார். "போச்சு அண்ணா! நீங்களும் இப்ப சாரோட ஆளு!"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். கையை உருவத் தெரியவில்லை.

அவரே என்னைக் கூட்டிப்போய்ப் பெரிய நாற்காலியில் உட்கார வைத்தார். "இது உங்க இடம்தானாமே, எனக்கு யாரும் சொல்லவே இல்லையே" என்றார். தோல் இன்னும் அவர் சூட்டில் இருந்தது. அவர் சுவரோரம் ஒரு மடக்கு நாற்காலியைப் பிரித்தார். "அந்த டிரைவர் மாதிரி ஆளுங்க ஐரோப்பாவுல பிரபுகிட்ட இருந்து ஓடிப்போய் ஒரு வருஷமும் ஒரு நாளும் நகரத்துல ஒளிஞ்சிருந்தா விடுதலை. அதுக்கு ஒரு கதை இருக்கு" என்று ஆரம்பித்தார். பத்து மடக்கு நாற்காலிகளும் கிறீச்சிட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பின. எனக்குத் தெரிந்தது பத்து முதுகு.

திரும்பி நடந்து வரும்போது வீட்டுக்காரி கேட்டாள். "அதேன், நாற்காலிதான் கெடச்சிருச்சல்லோ? அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்குது?"

"அவரு கையி மெத்துன்னு இருக்குது."

"சாக்பீஸ் புடிச்ச கையி, அப்படித்தான் இருக்கும்."

நான் என் கையைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன். இரும்புக் குழாய் தூக்கிக் காய்த்துப்போன கை. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை என் முன்னால் அத்தனை கைகள் குவிந்தன. ஒன்றையாவது நான் தொட்டதில்லை.