ஐந்தாவது ஏன்

ஆறாம் வகுப்பில் இங்கிலீஷ் டீச்சர் எங்களுக்குக் கேள்வி கேட்கக் கற்றுக்கொடுத்தார். வாட், வேர், வென், ஹூ, ஹவ், ஒய். இந்த ஆறு இருந்தால் உலகத்தில் எதையும் கேட்டுவிடலாம் என்றார். போதாதா எனக்கு! பிள்ளைப்பாக்கத்தில் எங்கள் தெருவில் ஒரு மாடு நிம்மதியாக நடக்க முடியவில்லை. அதையும் மறித்து, 'வேர் ஆர் யூ கோயிங்?' என்று கேட்டேன். ரொம்பப் பிடித்தது ஒய்தான். மற்றதெல்லாம் ஒரு பதிலோடு முடிந்துபோகும். ஒய்யை மட்டும் பதில் வர வர மறுபடி கேட்கலாம். அம்மா, "கேட்டே உயிர எடுக்கிறாளே" என்று கையெடுத்துக் கும்பிடுவாள்.

அம்மா ஒரகடத்தில் கார் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள். பாகங்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புகிற வேலை. ஒரு சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்தவள், சாப்பாட்டுப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். அவள் பார்த்து அனுப்பிய பாகம் ஒன்று விரிசலோடு திரும்பி வந்துவிட்டதாம். அங்கே ஒரு வழக்கம்: தப்பு நடந்தால் ஐந்து முறை 'ஏன்' கேட்டு, ஐந்து கட்டத்திலும் பதில் எழுதித் தரவேண்டும். அதுவும் இங்கிலீஷில். காலையில் தராவிட்டால் வேலை போனாலும் போகும் என்றபோது அம்மாவின் குரல் இறங்கிவிட்டது. எனக்கோ சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. பெரியவர்கள் கம்பெனியிலும் என் ஒய்!

பேனாவோடு விசாரணைக்கு உட்கார்ந்தேன். ஏன் விரிசலைப் பார்க்கவில்லை? கண்ணு சொக்கிடுச்சு. ஏன் சொக்கியது? நைட் ஷிஃப்ட் முடிச்ச கையோட பகல்லயும் வேலை பாத்தேன். ஏன் பார்த்தாய்? அடுத்த ஷிஃப்ட் பொண்ணு வரல, சூப்பர்வைசர் ஓ.டி. பாருன்னுட்டாரு. ஏன் முடியாதென்று சொல்லவில்லை? சொன்னா நாளைலேர்ந்து வராதேம்பாரு.

ஏன் அப்படிச் சொல்வார் என்றேன். அம்மா அரிசி களைய எழுந்தாள்.

"இத்தெல்லாம் எழுதிக்கினு கெடக்காத. என் கவனக்குறைவுன்னு போட்டு வுட்டுடு" என்றாள்.

நன்றாக இருக்கிறதே! கட்டத்தைக் காலியாக விட்டால் எங்கள் டீச்சர் மார்க் போடுவாரா? நான்கு பதிலையும் எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். ஐந்தாவதில் நானே யோசித்து, 'அவர் நல்லவர் இல்லை' என்று எழுதினேன். அம்மாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. "எழுத்து முத்து முத்தா கீது" என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் தாளைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.

இரண்டு நாள் கழித்து நான் பள்ளிவிட்டு வந்தபோது அம்மா வீட்டில் இருந்தாள். சூடாக வாழைக்காய் பஜ்ஜி. லீவு என்றாள். எனக்கு அப்படியொரு சந்தோஷம்.

"அஞ்சாவது கட்டத்துல இன்னாடி எழுதன?"

பெருமையோடு சொன்னேன்.

"சரியாத்தான் எழுதிக்கீற" என்று என் வாயில் ஒரு பஜ்ஜியைத் திணித்தாள்.

அந்த லீவு மாதக்கணக்கில் நீண்டது. மாட்டைக்கூட விடாமல் கேள்வி கேட்ட எனக்கு, அது ஏன் என்று மட்டும் கேட்கத் தோன்றவேயில்லை.