இரண்டு நாள் சேற்றுக்கு வாங்கிய டயர்

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான்; இன்று விருத்தாசலத்தில் மூன்று லாரிக்கு முதலாளி. பீங்கான் ஏற்றும் லாரிக்கு டயர் வாங்கப் போனபோது கடைக்காரம்மா கேட்டார்: "மாசத்துல எத்தினி நாளு சேத்துல எறங்கும்ங்க?"

"களிமண் ஏத்த ரெண்டு நாளு. எனக்கே பாடம் எடுக்கிறியாம்மா? சேத்துல வழுக்காம பிடிக்கிற பட்டன் டயரு, இருக்கறதுலயே பெருசா மாட்டு!"

"தார் ரோட்டுல அதிரும்ங்க, பீங்கான் தாங்காது. ரெண்டுக்கும் பொதுவானதே போதும்."

கேட்டேனா? வேப்பூர் போவதற்குள் என் பல்லே ஆடியது. தாம்பூலப் பைக்காக ஏற்றிப்போன பீங்கான் விளக்குகளில் பாதி நொறுங்கிவிட்டன. "விடிஞ்சா கல்யாணம்ங்க," என்றார் கல்யாணப் பெண்ணின் அப்பா. திட்டியிருந்தாலாவது பதிலுக்குக் கத்தியிருப்பேன்.

மறுநாள் அதே கடைக்குப் போனேன். அந்தம்மா சிரிக்கவில்லை, அதே கேள்வியைத்தான் கேட்டார்.

"ரெண்டே நாளும்மா," என்றேன். மிச்ச இருபத்தெட்டு நாளும் தார் ரோடு என்பது அப்போதுதான் என் காதிலேயே விழுந்தது.