காரணம் கேட்காத வேலை

எங்கள் தொழிலில் விற்பனைக்கு இருப்பது ஒரே ஒரு கேள்விதான்: "சொன்னதைச் செஞ்சீங்களா?" தினமும் காலையில் யாராவது போன் போட்டு இதைக் கேட்டால்தான் தங்கள் வேலை நடக்கும் என்று நம்பி வருகிற பெரிய மனுஷர்கள் அப்போது பெங்களூரில் நிறையப் பேர் இருந்தார்கள். அலாரத்தை அமுக்கிவிட்டுத் திரும்பிப் படுக்கிற உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்களும் நம்ம கூட்டம்தான்.

வேலை கிடைத்த விதம்

பத்தாவதோடு படிப்பை நிறுத்தினேன். வீட்டில் யாரும் நிறுத்தவில்லை, நானேதான். அப்பா பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுகிறவர். திட்டவில்லை, கெடு வைத்தார். மூன்று மாதத்துக்குள் நானாக ஒரு வேலையில் நிலைக்க வேண்டும். இல்லாவிட்டால் அவருடைய ஃபேக்டரியிலேயே பேக்கிங்கில் சேர வேண்டும். பேக்கிங் கேவலமில்லை. ஆனால் காலையில் அப்பாவோடு ஒரே பஸ், சாயங்காலமும் அப்பாவோடு அதே பஸ். நினைத்துப் பாருங்கள்.

காக்ஸ் டவுனில் ஒரு பழைய வீட்டின் முன்னறையில் மோகன் சார் ஆபீஸ் வைத்திருந்தார். அங்கே வேலை கேட்டுப் போனேன். திங்கட்கிழமை க்ளையன்ட்டுகள் ஒவ்வொருவரும் மூன்று இலக்குகளைக் கார்டில் எழுதிக் கொடுப்பார்கள். தினமும் போனில் கேட்டு, செய்திருந்தால் சுவர் சார்ட்டில் பச்சை ஸ்டிக்கர், செய்யாவிட்டால் சிவப்பு. சனிக்கிழமை எல்லோரும் அந்தச் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும்.

"ஆமாவா இல்லையான்னு மட்டும் கேளு. காரணத்தைக் கேட்டா இரக்கம் வந்துடும்" என்றார் சார். எனக்கு வராது என்றேன். அவர் மேஜைமேல் 'இன்றே செய்' என்று ஒரு போர்டு, பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடந்தது. "இதை எப்ப சார் மாட்டுவீங்க?" என்று கேட்டுவிட்டேன். போர்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சொன்னார்: "மூணு மாசம் பார்க்கலாம். ஆனா க்ளையன்ட் யாராவது கோவிச்சுக்கிட்டுப் போனா, பின்னாடியே நீயும் போயிடணும்."

ஊரில் இல்லாத செல்வம் அண்ணன்

செல்வம் அண்ணனுக்கு ஈஜிபுராவில் ஒரு பேக்கரி. இரண்டாவது கடைக்கு இடம் பார்க்க வேண்டும் என்று வாராவாரம் கார்டில் எழுதுவார். கேட்டால் மைதா வரவில்லை, மாமியார் வந்துவிட்டார், மழை. கடைசியில் "நோடோணா" என்பார். பார்ப்போம் என்பதைக் கன்னடத்தில் சொன்னால் பாதி வேலை முடிந்த மாதிரி அவருக்கு.

ஐந்தாவது வாரம் பேக்கரி மாஸ்டரை விட்டுப் போனை எடுக்கச் சொன்னார். "ஓனர் ஊர்ல இல்லீங்க" என்றார் மாஸ்டர். பின்னாலேயே அண்ணனின் குரல், "ஹோசூர் போயிட்டார்னு சொல்லு, ஹோசூர்!" என்றது. நான் மாஸ்டரிடம், "ஹோசூர்ல இருக்கிறவர்கிட்ட சிவப்பு ஒட்டிட்டேன்னு சொல்லிடுங்க" என்றேன். போன் கை மாறியது. அண்ணன் கத்தினார்: "ஏம்மா, நீ பொண்ணா இல்ல இன்கம் டாக்ஸா?"

நடைப்பயிற்சி

சுந்தர் சாஃப்ட்வேர்காரர். தினமும் காலை அரை மணி நேரம் பார்க்கில் நடப்பது அவர் இலக்கு. நடக்கும்போதே செல்போனில் கூப்பிடச் சொல்லியிருந்தார். கூப்பிட்டால் மூச்சு வாங்கும், காலடிச் சத்தமும் கேட்கும். இரண்டு வாரம் சார்ட்டில் வரிசையாகப் பச்சை ஒட்டினேன். எனக்கே பெருமையாக இருந்தது.

ஒரு நாள் அந்தக் காலடிச் சத்தத்துக்கு நடுவே குக்கர் மூன்று விசில் விட்டது. "பார்க்குல யாரு சார் சாம்பார் வைக்கிறா?" என்றேன். காலடி நின்றது. போனை அவர் மனைவி பிடுங்கிக்கொண்டார்: "ரெண்டு வாரமா ஹால்ல நின்னு தரையை உதைக்கிறாரும்மா, கீழ் வீட்டுக்காரங்க சண்டைக்கு வர்றாங்க, நீ அவரை விடாதே!"

பதினான்கு பச்சைகளையும் உரித்துச் சிவப்பு ஒட்டினேன். நகம்தான் வலித்தது.

ஜெயராஜ் சாரின் பச்சை

மூன்று மாதம் முடிய ஒரு வாரம் இருந்தபோது வந்தது வம்பு. ஜெயராஜ் சார் ஃப்ளாட் கட்டுகிறவர். மச்சானோடு கூட்டு. கட்டிட பிளானை முடித்து வைப்பது அவர் இலக்கு. ஆறு வாரமாகச் சிவப்பு. சனிக்கிழமை மச்சானும் வந்து சுவரைப் பார்ப்பதால் மானம் போகிறதாம். பச்சை ஒட்டாவிட்டால் தானும் போவதாகவும், தான் சேர்த்துவிட்ட நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போவதாகவும் சாரிடம் சொல்லிவிட்டார்.

சார் பச்சை ஸ்டிக்கரை என்னிடம் நீட்டினார். "ஒரே ஒரு தடவைம்மா. உன் வேலையும் இதுலதான் இருக்கு." பீன்யா பஸ் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. இருந்தாலும், "நீங்களே ஒட்டுங்க சார். என் நோட்டுல சிவப்புன்னுதான் இருக்கும்" என்றேன். ஒட்டினார். கோணலாக.

சனிக்கிழமை மச்சான் அந்தப் பச்சையைப் பார்த்தார். முகமெல்லாம் சிரிப்பு. உடனே வெளியே போய், செல்போனில் நிலத்துக்காரரைக் கூப்பிட்டு வரவழைத்துவிட்டார். "பிளான் ரெடி. எடு மச்சான், காட்டிடுவோம்." ஜெயராஜ் சார் பையைத் துழாவினார். பையில் டிபன் பாக்ஸ்தான் இருந்தது. வேர்த்து வழிய மோகன் சார் பக்கம் திரும்பி, "யாருய்யா இதுல பச்சை ஒட்டினது?" என்று கத்தினார். கேட்டு வாங்கிய மனுஷன் கத்துகிறார்!

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் நோட்டை விரித்து மச்சான் கையில் கொடுத்தேன். ஆறு வாரம், பச்சை ஒட்டிய நாளும் சேர்த்து எல்லாம் சிவப்பு மை. பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டு அவர் சாரிடம் சொன்னார்: "இனிமே எங்க மச்சானுக்கு இந்தப் பொண்ணுதான் போன் பண்ணணும். இவளை மாத்தினீங்கன்னா நாங்க போயிடுவோம்."

கூட்டம் கலைந்தபின் மோகன் சார் அந்தக் கோணல் பச்சையை உரித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: "திங்கட்கிழமையிலேர்ந்து நீ பர்மனென்ட். ஆனா என்னைப் பார்த்து அப்படிச் சிரிக்காதே."

மற்றவர்களின் சோம்பேறித்தனத்தைத் தினமும் தட்டிக் கேட்டுச் சம்பளம் வாங்குகிற நான், இதுவரை க்ளையன்ட் ஒருவரிடமும் நல்ல பெயர் வாங்கவில்லை, வாங்கும் உத்தேசமும் இல்லை.