ஒஸ்லோ எழுத்தாளரின்ரை முதல் தமிழ்ப் பக்கம்

இண்டைக்கு எங்கடை சுன்னாகம் அச்சகத்துக்கு ஒரு அக்கா வந்தவ. தாயின்ரை முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் குடுக்கிற கல்வெட்டு, அதுதான் நினைவுப் புத்தகம், அடிக்கவேணும். பிள்ளையள் ஆளுக்கொரு பக்கம் எழுதினவை; அவவின்ரை தம்பியின்ரை பக்கம் மட்டும் வரேல்லை.

தம்பி ஒஸ்லோவிலை எழுத்தாளர். நோர்வே மொழியிலை மூண்டு நாவல் எழுதினவர்.

கடைசியிலை அனுப்பினார். அதுவும் நோர்வே மொழியிலை!

அவருக்குப் போன் எடுத்தன்.

"தமிழிலை எழுதினால் பள்ளிக்கூடக் கட்டுரை மாதிரி வருது அண்ணை."

"அப்ப வாயாலை சொல்லுங்கோ, நான் அடிக்கிறன்."

சொன்னார். ஒவ்வொரு புத்தகமும் தபாலிலை வரேக்கை அம்மா வீடியோவிலை கேப்பாவாம், "இதிலை நான் எங்கை வாறன்?" இவர் வாயிலை வந்த ஒரு பக்க நம்பரைச் சொல்லுவாராம். அவ அந்தப் பக்கத்தின்ரை மூலையை மடிச்சு வைப்பாவாம். உண்மையிலை ஒரு புத்தகத்திலையும் அம்மா இல்லையாம்.

சொன்னதை அப்பிடியே அடிச்சுக் குடுத்தன். அக்கா வாசிச்சிட்டுக் கண்ணைத் துடைச்சுக்கொண்டு என்னட்டைச் சொன்னா.

"உந்தப் பக்கத்தைப் போடேலாது தம்பி. நாலு சனம் பாக்கிற புத்தகம். எல்லாருக்கும் போடுறதைப் போடுங்கோ."

போனிலை நிண்டவரும், "அக்கா சொல்லுறமாதிரியே போடுங்கோ அண்ணை" எண்டிட்டார்.

கம்பியூட்டரிலை எப்பவும் கிடக்கிற எட்டு வரி அம்மாப் பாட்டை எடுத்து, கீழை அவரின்ரை பேரைப் போட்டன். போன கிழமை வேறை ஒரு வீட்டுக்கும் அதுதான் போனது.

இதிலை அம்மா ஏழு இடத்திலை வாறா.

ஆரின்ரை அம்மா எண்டு மட்டும் ஒருத்தரும் என்னட்டைக் கேக்காதையுங்கோ.