முக்கால் அங்குலம்

நம்புகிறவர்கள் நம்பட்டும். இது நடந்தது. கிடார் ரிப்பேர் கடை வைத்திருக்கும் என் சிநேகிதிக்கு நடந்தது. அவள் சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டவில்லை.

அன்று காலை பத்து மணி. கடை வாசலில் அவளுடைய அண்ணன். கையில் ஒரு கிடார், நெக் என்கிற நீளக் கழுத்து இல்லாமல்.

"பழசு பாப்பா. ஒரு நெக் போட்டு வை."

"உள்ள வாண்ணா."

வரவில்லை. வாசற்படியைத் தாண்டாமலே கொடுத்துவிட்டுப் போய்விட்டார். அப்பா போன பிறகு அவளைத் தூக்கி வளர்த்தவர் அவர். அவர் பேச்சை அவள் தட்டியதே கிடையாது.

நெக் மாற்றுவதில் ஒன்று மட்டும் பிசகவே கூடாது. ஸ்கேல். அதாவது, நெக்கின் நுனியிலிருந்து உடலில் கம்பியைத் தாங்கும் பிரிட்ஜ் வரை கம்பியின் நீளம். நெக்கின் குறுக்கே பதித்த பன்னிரண்டாவது ஃப்ரெட் கட்டை அதில் சரிபாதியில் நிற்க வேண்டும். இல்லாவிட்டால் எந்தச் சுரமும் சேராது. இந்தக் கிடாரின் பிரிட்ஜ் இருந்த இடம் இருபத்தைந்தரை அங்குலம் கேட்டது. அதே அளவில் புது நெக் ஒன்றை எடுத்துப் பூட்டினாள். கம்பி கட்டினாள். மீட்டினாள்.

அபசுரம்.

நுனியிலிருந்து பன்னிரண்டாவது ஃப்ரெட் வரை அளந்து இரட்டித்தாள். இருபத்து நாலே முக்கால். கழற்றி மேசையில் வைத்து அளந்தாள். இருபத்தைந்தரை. திரும்பப் பூட்டினாள். இருபத்து நாலே முக்கால்...

வெளியே நல்ல வெயில். தெருவெல்லாம் ஹாரன் சத்தம். அவள் அளவுநாடாவை மறுபடி நீட்டினாள்.

டிங்...

கம்பி. யாரும் தொடவில்லை.

பிரிட்ஜையாவது நகர்த்திப் பார்ப்போம் என்று அதைக் கழற்றினாள். அடைத்து மறைத்த பழைய துளைகள் தெரிந்தன, முக்கால் அங்குலம் முன்னால். ஒன்று கோணல்.

அதைப் போட்டவள் அவளேதான்.

சுருட்டையின் கிடார்! அண்ணனின் இசைக்குழுவில் வாசித்தவள். இவளுடைய உயிர்த்தோழி. அவளுடைய சின்னக் கைக்காகத்தான் இவள் குட்டை நெக் பூட்டி, பிரிட்ஜை முன்னால் தள்ளியிருந்தாள். இரண்டு வருடம் முன்பு சுருட்டை காணாமல் போனாள். "சொல்லாம கொள்ளாம ஓடிட்டா பாப்பா. நன்றி கெட்டவ," என்றார் அண்ணன். இவளும் நம்பி, வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தாள்.

போன் போட்டாள்.

"அண்ணா... சுருட்டையோட கிடார். இதோட நெக் எங்க?"

போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"அண்ணா?"

"அவ விடவே இல்ல பாப்பா..."

லைன் துண்டானது.

போலீசுக்குச் சொன்னது அவள்தான். குழுவை விட்டுப் போகிறேன் என்றாளாம் சுருட்டை. அதற்காக. ஒரு பாழுங்கிணற்றில் கிடைத்தாள். விரல் எலும்புகள் நெக்கைப் பற்றியபடியே இருந்தன.

"என்னைத் தூக்கி வளர்த்த கையா இது?" இதையேதான் என் சிநேகிதி திரும்பத் திரும்பக் கேட்டாள்.

அண்ணன் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டார். ஒன்றைத் தவிர.

"அவளைக் கொன்ன அன்னைக்கே மிச்சக் கிடாரை எரிச்சுட்டேன் சார். தங்கச்சி கடைக்கு நான் போகவே இல்ல."

விசாரித்தார்கள். பொய் இல்லை. அன்று காலை பத்து மணிக்கு அவர் வேறொரு ஊரில், ஒரு கல்யாணத்தில், நானூறு பேர் முன்னால் வாசித்துக்கொண்டிருந்தார்.